நடுவில் ஒரு மெத்தை

இனிமேல் இந்த வீட்டில் யாரும் சண்டை போடக் கூடாது, உரையாடத்தான் வேண்டும் என்று மெத்தைக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். வந்தபோது அவர் வாயில் ஒரு பிடி ஆணி இருந்தது.

ஆணியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சோபாவுக்குத் துணி இழுத்து அடிக்கும்போது அவர் குட்டி ஆணிகளை வாயில் அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும், ஒரே அடி. அந்த நேரத்தில் பேச முடியாது. பேசினால் ஆணி தொண்டைக்குப் போய்விடும். ஆகவே அவர் அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்பது அந்த நேரத்தில் மட்டும்தான். மற்ற நேரங்களில், நியாயத்தைச் சொன்னால், அவர் கேட்பதே இல்லை. தன் முறை வருவதற்காகக் காத்திருப்பார். அதிலும் பாதிதான் காத்திருப்பார்.

அப்படி வாயடைத்துக் கிடந்த ஒரு மத்தியானம் அவருடைய செல்போனில் ஓர் அமெரிக்கப் பாட்காஸ்ட், அதாவது ஒரு பேச்சு நிகழ்ச்சி, தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்றால் கை இரண்டும் துணியை இழுத்துப் பிடித்திருந்தன. சரி, ஓடட்டும் என்று விட்டார். விட்டவர்தான், இன்றுவரை மீளவில்லை.

இரண்டே பேர். ஒருவருக்குக் கனத்த குரல், இன்னொருவருக்கு மெல்லிய குரல். பெயரை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள், ஆனால் சொல்கிற வேகத்தில் மெத்தைக்காரருக்கு ஒரு நாளும் பிடிபட்டதில்லை. அதனால் அவருக்கு அவர்கள் கனத்தவர், மெல்லியவர். இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். எதைப் பற்றி? எதைப் பற்றியும் இல்லை, அதுதான் அதிசயம். பாத்திரம் கழுவும் மெஷினில் கரண்டியை நிமிர்த்தி வைப்பதா கவிழ்த்து வைப்பதா என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு அங்கே இங்கே சுற்றிவிட்டு, கனத்தவருடைய அப்பாவிடம் வந்து நிற்கும். அப்பா ஏன் ஒரு தடவைகூடத் தன் தோளில் கை போட்டதில்லை என்று கனத்தவர் கேட்பார். மெல்லியவர் பதில் சொல்ல மாட்டார். புத்தி சொல்ல மாட்டார். "எங்க அப்பா மட்டும் என்னவாம்" என்று தன் கதையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார். சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுகூடக் காதில் கேட்கும்.

மெத்தைக்காரருக்கு ஆங்கிலம் பாதிக்குப் பாதி. அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் இவர் சிரிக்க ஆரம்பிப்பார். ஆனால் அந்தப் பேச்சின் மரியாதை அவருக்கு முழுசாகப் புரிந்தது. கடல் தாண்டி இருக்கிற இரண்டு ஆம்பிளைகள், அடித்துக்கொள்ளாமல், ஜெயிக்கப் பார்க்காமல், ஒருவர் மனசை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது நடக்கிற காரியம் என்றே அதுவரை அவருக்குத் தெரியாது.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க வர்றதே இல்லம்மா," என்று மனைவியிடம் சொன்னார்.

"அப்படியாங்க? எங்க ஆபீஸ்லகூட நேத்து..."

"குறுக்க வராதே, நான் சொல்லி முடிச்சிடறேன். குறுக்க வர்றதே இல்ல!"

இன்னொன்றும் அவரைக் கவர்ந்தது. மெல்லியவர் எதையாவது சொன்னால் கனத்தவர் உருகிப்போய், 'நீ சொல்வது என் காதில் விழுகிறது' என்பார். நம் வீடுகளில் 'காதுல விழுதா?' என்பது திட்டு. அங்கே அதுதான் கொஞ்சல். மெத்தைக்காரர் இதை உடனே தொழிலில் இறக்கினார். ஸ்பிரிங் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்து, குழைந்து, "நீங்க சொல்றது என் காதுல விழுது" என்றார்.

"உங்களுக்குக் காதுல விழுது. எனக்கு முதுகுல குத்துதே!" என்றார் வாடிக்கையாளர்.

இப்போது மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொல்வார். அவர் சொன்னால் கூட்டம் எழுந்து நடக்கும். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார். அதே குரலில் வீட்டில் ஒன்று சொன்னால் ஒரே ஒரு மனிதர் அசைய மாட்டார்.

அந்த ஒன்று என்ன தெரியுமா? வீட்டின் சின்ன அறை. மனைவி மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. படிக்க ஓர் இடம் வேண்டும், கதவு போட்ட இடமாக வேண்டும் என்று சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன அறையிலோ கூரை வரைக்கும் ஃபோம் பலகைகளும் துணிச் சுருள்களும். கேட்கும்போதெல்லாம் மெத்தைக்காரர் மறுத்ததே கிடையாது. "பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் என்பதை வாக்குறுதி என்று நினைக்கிறவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். வாஷிங் மெஷின் மேல் புத்தகத்தை வைத்து, அது சுழலும்போது தானும் சேர்ந்து அதிர்ந்துகொண்டு ஒரு பெண் ஒப்பந்தச் சட்டம் படிக்கிறாள், பக்கத்தில் ஓர் அறை நிறையப் பஞ்சு மட்டும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது என்றால், யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

இதற்கிடையில் அந்த மெத்தை வந்தது.

ஒரு நாள் கனத்தவருடைய அப்பா கதை உச்சத்தில் நின்றது. மருத்துவமனை. அப்பா கட்டிலில். கனத்தவர் குரல் உடைந்து, 'அன்றைக்குத்தான் அப்பா முதல் தடவையாக...' என்று நிறுத்தினார். மெத்தைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அடுத்து மெல்லியவர் குரல் வந்தது, அதே கனிவோடு. 'நான் இப்போதெல்லாம் எப்படித் தூங்குகிறேன் தெரியுமா?' என்று கேட்டது. பிறகு ஒரு மெத்தையைப் பற்றிப் பேசியது. அது கழுத்தைத் தாங்குகிற விதம், இடுப்பை ஏந்துகிற விதம். அழுதுகொண்டிருந்த கனத்தவரும் தெளிந்து, 'நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்றார்.

மெத்தைக்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு வீட்டுக்குள் ஓடினார்.

"கேட்டியாம்மா? சிநேகிதன் அழறான், இவன் ஆறுதல் சொல்றான். எதை வெச்சு? மெத்தையை வெச்சு! இத்தனை வருஷம் நான் தைக்கிறேன், ஒரு மனுஷன் என் மெத்தையைப் பத்தி இப்படிப் பேசியிருப்பானா? அந்த நாடு எங்கேயோ போயிடுச்சு!"

"அது விளம்பரங்க."

"விளம்பரம்னா பாட்டு வரும். வேற ஆளு வந்து கத்துவான். இது சிநேகிதன் குரல்."

"மெத்தைக் கம்பெனி எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற சிநேகிதன் குரல்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே கேக்கற மாதிரி வெச்சுத்தானே கேக்கறீங்க? நானும் மெஷின் மேல உக்காந்து தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

வேறு ஆளாக இருந்தால் மனசு விட்டுப்போயிருக்கும். மெத்தைக்காரருக்கோ மதிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. விளம்பரத்தைக்கூட சிநேகிதன் மாதிரி சொல்கிறார்களே! எல்லாவற்றையும் அலசி ஆராய்கிற அந்த இரண்டு பேரும் விளம்பரத்தை மட்டும் அலசுவதில்லை. ஒருவர் புகழ்ந்தால் மற்றவர் 'நானும் அதைத்தான்' என்கிறார். மறுப்பே கிடையாது.

மறுப்பே கிடையாது! இந்த இடத்தில்தான் அவருக்குள் பல்பு எரிந்தது.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. தானும் அப்படி ஒரு பாட்காஸ்ட் நடத்த வேண்டும். அதற்கு எதிரொலி வராத ஓர் அறை, ஒரு ஸ்டுடியோ வேண்டும். ஃபோம் நிறைந்த சின்ன அறையைவிட வேறு என்ன பொருத்தம்? ஆனால் நேரில் கேட்டால் சட்டம் பாயும். விளம்பரத்தில் சொன்னால்?

காலைச் சாப்பாட்டின்போது திட்டத்தை அவிழ்த்தார். இனி ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆனால் சின்ன அறையில் உட்கார்ந்து, அமெரிக்கர்கள் மாதிரி உரையாடிப் பதிவு செய்ய வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. நடுவில் விளம்பரம் உண்டு.

"அந்த விளம்பர விதி ரெண்டு பேருக்கும் பொதுவாங்க?" என்று மனைவி கேட்டார்.

"பொதுதான்."

"எப்ப வேணா சொல்லலாமா?"

"எப்ப வேணா. பேச்சு சூடா போகும்போது சொல்றதுதான் அழகே."

"கேக்கறவங்க மறுக்கக் கூடாது?"

"மறுக்கவே கூடாது. 'நானும் அதைத்தான் பயன்படுத்தறேன், என் வாழ்க்கையே மாறிடுச்சு'ன்னு சொல்லியே ஆகணும்."

"சொன்னா சொன்னதுதானா? அப்புறம் மாத்த முடியாதே?"

"எப்படிம்மா மாத்த முடியும்? ரெக்கார்ட் ஆகுதே!"

சட்டம் படிக்கிற பெண் ஒரு விதியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எந்த மனிதனும் எச்சரிக்கை அடைய வேண்டும். மெத்தைக்காரர் அடைந்தது பெருமை. தன் யோசனையில் இவளுக்கு எவ்வளவு ஆர்வம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வேலையிலிருந்து நேராகச் சின்ன அறைக்கு வந்தார். நேயராகக் கீழ் வீட்டு டிரைவிங் ஸ்கூல் அண்ணன் அழைக்கப்பட்டிருந்தார். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்தே காலம் தள்ளியவர். எங்கே உட்கார்ந்தாலும், ஆபத்து என்று தோன்றினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மூன்று பேரும் ஆளுக்கொரு ஃபோம் கட்டின் மேல் அமர்ந்தார்கள். நடுவில் செல்போன். மெத்தைக்காரர் சட்டைப் பைக்குள் விளம்பரம் தயாராக இருந்தது. கண்ணாடி முன்னால் ஒத்திகைகூட ஆகிவிட்டது.

"வணக்கம் நண்பர்களே," என்று குரலைக் கனமாக்கினார். "இன்னைக்கு என் கூட என் மனைவி. உன் வேலையைப் பத்திச் சொல்லும்மா."

"ஒரு நாள் எங்க கூண்டுக்கு ஒருத்தர்..."

"கூண்டுன்னா நண்பர்களே, கண்ணாடி ரூம்."

"...மூச்சு வாங்க ஓடி வந்தார். பொண்டாட்டியைக் காணோமாம்."

"கூட்டத்துல அப்படித்தான் ஆகும். ஒரு தடவை நான்கூட..."

அண்ணனின் கால் தரையை அழுத்தியது. "தம்பி, குறுக்க வர்றது நீங்கதான்."

மெத்தைக்காரர் வெட்கிப்போனார். அந்த மனிதரிடம் ஒரு நேர்மை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மெல்லியவரை நினைத்துக்கொண்டார். சட்டைப் பையைத் துழாவி, ஒரு பிடி ஆணியை எடுத்து, தானாகவே வாயில் போட்டுக்கொண்டார். மேலே சொல் என்று கையைக் காட்டினார்.

மனைவி சொன்னார். மைக்கில் அறிவித்தே பழகிய அந்தக் குரல், பஞ்சு சூழ்ந்த அறையில், காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"'என்ன கலர் டிரஸ் போட்டிருந்தாங்க?'ன்னு கேட்டேன். யோசிக்கிறார், யோசிக்கிறார். தெரியல. 'போன் நம்பர் சொல்லுங்க'ன்னேன். அது போன்ல இருக்கு, போன் அவங்க பையில இருக்குன்னார். 'சரி, உயரமா, குள்ளமா?' கையை இப்படி வெச்சுப் பார்த்தார், அப்படி வெச்சுப் பார்த்தார். 'என் கூட இருந்தா தெரியுங்க'ன்னார்."

மெத்தைக்காரர் உடம்பு முன்னால் சாய்ந்தது.

"'வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்க சார்'னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்புறம், 'தினமும் என்னை ரெண்டு தடவை கூப்பிடுவா. முதல் தடவை நான் திரும்ப மாட்டேன்'னார். அழுதுட்டார். எனக்கு மைக்ல என்ன சொல்றதுன்னே தெரியல. அதைத்தான் சொன்னேன். 'ரெண்டு தடவை கூப்பிடுகிறவர் எங்கிருந்தாலும் அறிவிப்புக் கூண்டுக்கு வரவும்.' அப்ப என் கூண்டுக் கதவு மெல்லத் திறக்குது. உள்ள வந்தது..."

நிறுத்தினார்.

"நண்பர்களே," என்றார், அதே குரலில், அதே கனிவோடு. "நான் எங்க உக்காந்து படிக்கிறேன் தெரியுமா? வாஷிங் மெஷின் மேல. துணி சுத்தும்போது கூடவே சட்டமும் சுத்தும். இனிமே அந்தக் கஷ்டம் இல்ல. எனக்குன்னு ஒரு அறை வந்தாச்சு. நாலு சுவரும் ஃபோம். வெளிச் சத்தம் உள்ள வராது. உள்பக்கம் தாழ்ப்பாள். இப்ப நாம உக்காந்திருக்கமே, இதே அறை. நாளையிலேர்ந்து."

மெத்தைக்காரர் ஆணிகளைத் துப்பினார். "இது... இதை நான்..."

"தம்பி," என்றார் அண்ணன், காலை அழுத்தியபடி. "விளம்பரத்துல மறுப்பு கிடையாதுன்னு வாசல்லயே எனக்குச் சொன்னீங்க."

"அது சரிண்ணே. உள்ள வந்தது யாரும்மா?"

மனைவி பேசவில்லை. மெல்லியவர் மாதிரி சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருப்பது அறை முழுக்கக் கேட்டது.

சட்டைப் பைக்குள் ஒத்திகை பார்த்த விளம்பரம் ஒன்று இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் கூண்டுக் கதவு பாதி திறந்து நிற்கிறது. கணவன் ஒருவன் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் யாருக்கு ஸ்டுடியோ ஞாபகம் வரும்?

"நானும் அதைத்தான் பயன்படுத்தறேன், என் வாழ்க்கையே மாறிடுச்சு," என்று ஒரே மூச்சில் கொட்டினார். "சொல்லும்மா, வந்தது யாரு?"

"அந்த அம்மாதான்."

"அப்பாடா!" என்று கூவினார் அண்ணன்.

"எங்கேயும் போகலையாம். கூண்டுக்கு வெளியில, அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்னுக்கிட்டிருந்திருக்காங்க. 'கண்ணெதிர்ல தேடறாரே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமேம்மா'ன்னு கேட்டேன். 'ஒரு தடவை கூப்பிட்டேன், திரும்பல. ரெண்டாவது தடவை கூப்பிட வேணாம்னு தோணிச்சு. என்னைப் பத்தி என்ன சொல்றார்னு கேட்டுக்கிட்டு நின்னேன்'னாங்க."

யாரும் பேசவில்லை. அமெரிக்கர்களே வந்து கேட்டிருந்தாலும் அதைவிட அழகாகச் சும்மா இருந்திருக்க முடியாது.

"இப்ப கண்ணை மூடுங்க," என்றார் மனைவி.

மெத்தைக்காரர் மூடினார்.

"நான் என்ன கலர்ல இருக்கேன்?"

துணியை இருட்டில் தடவியே நிறம் சொல்கிறவர் என்று கடைத்தெருவில் பேர் வாங்கியவர் அவர். "பச்சை...யா?" என்றார்.

அண்ணனின் கால் தரையோடு தரையாக அழுந்தியது. வண்டி நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மனைவி கருநீலக் கோட்டில் இருந்தார். நிலையத்தின் கோட். தினமும் அதே கோட்டில்தான் வேலைக்குப் போகிறார், அதே கோட்டில்தான் திரும்பி வருகிறார். அதன் காலர் பிரிந்தபோது தைத்துக் கொடுத்தவரே இவர்தான்.

மெத்தைக்காரர் வெகுநேரம் அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எந்தப் பாட்காஸ்டையும் நினைக்காமல், மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது என் காதுல விழுதும்மா."

"விழுந்தா சரி. தாழ்ப்பாளுக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பலகைகள் வெளியேறின, மேசை உள்ளே போனது. தோற்றவர் வேலையைத் தோற்றவர் மாதிரி செய்திருக்கலாம், ஆனால் மெத்தைக்காரருக்குத் தொழிலில் அரைகுறை தெரியாது. நான்கு சுவருக்கும் ஃபோம் இழுத்து அடித்தார். கதவின் உள்பக்கமும் அடித்தார். மனைவி தடவிப் பார்த்து, "எவ்வளவு நேர்த்திங்க! வெளிப்பக்கமும் அடிச்சிடுங்களேன். உங்க கைவேலை நாலு பேர் கண்ணுல படட்டும்" என்றார். நான்கு பேர் கண்ணில் படப்போகிறது என்றதும் அவர் இரட்டை ஃபோம் போட்டு, பித்தளைத் தலை ஆணியால் ஓரம் கட்டினார்.

சில நாள் கழித்து ஒரு சாயந்தரம் மெத்தைக்காரர் வாயில் இருந்த ஆணிகளைத் துப்பிவிட்டுப் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். கனத்தவருடைய அப்பா கடைசியில் மகன் தோளில் கை போட்டுவிட்டார்! இந்தச் செய்தியை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும். முதலில் கோட்டின் நிறத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் அப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்து, உள்ளே தாழிட்டிருந்த சின்ன அறைக் கதவு முன்னால் நின்று, கையை ஓங்கித் தட்டினார்.

தட்டிய சத்தம் அவருக்கே கேட்கவில்லை.